டிக்கெட் விற்றவருக்கு ஒரு வெள்ளிக்கிழமை

கேள்வி இதுதான்: "மெக்சிகோவில் ஒரு மல்யுத்த கம்பெனி, காலமான தன் முதலாளி நினைவாக வருஷா வருஷம் பெரிய நிகழ்ச்சி நடத்துகிறதாமே? ரிங்கில் விழுந்து எலும்பு முறிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, டிக்கெட் விற்றவருக்கு எதற்கு அஞ்சலி? அதில் அப்படி என்ன நடக்கும்?"

நியாயமான சந்தேகம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. தாத்தா திவசத்துக்கு டிக்கெட் போட்டு விற்கிறார்களே என்று சிரித்திருக்கிறேன். சில வருஷங்களாகச் சனிக்கிழமை காலையில் இட்லித் தட்டோடு உட்கார்ந்து பார்த்து வருகிறேன். அங்கே வெள்ளி இரவு எட்டரை என்றால் நமக்குச் சனி காலை எட்டு. பார்க்கப் பார்க்க, டிக்கெட் விற்ற மனிதருக்கு டிக்கெட் விற்றே மரியாதை செய்வதுதான் பொருத்தம் என்று ஆகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

நிகழ்ச்சியின் பெயர் 'ஒமெனாஹே அ தோஸ் லெயெந்தாஸ்'. 'இரண்டு ஜாம்பவான்களுக்கு மரியாதை' என்று வைத்துக்கொள்ளலாம். நடத்துவது சி.எம்.எல்.எல். என்ற கம்பெனி. இன்று உலகில் இயங்கிக்கொண்டிருக்கும் மல்யுத்த கம்பெனிகளில் இதுதான் மிகப் பழையது. 1933-ல் தொடங்கியபோது ஈ.எம்.எல்.எல்., 1991-லிருந்து இந்தப் பெயர். நிகழ்ச்சி மார்ச் மாதத்தில், மெக்சிகோ சிட்டியின் அரேனா மெஹிகோ அரங்கில் நடக்கும். 1996-ல் தொடங்கியபோது இதற்கு 'சால்வதோர் லுத்தெரோத்துக்கு மரியாதை' என்றுதான் பெயர். ஒரே ஜாம்பவான்தான், கம்பெனியைத் தொடங்கிய அந்த முதலாளி. மூன்று வருஷம் அப்படி ஓடியது. 1999-ல் எல் சாந்தோ என்ற புகழ்பெற்ற வீரரின் பெயரைப் பக்கத்தில் சேர்த்து 'இரண்டு ஜாம்பவான்கள்' ஆக்கினார்கள். 2005-லிருந்து லுத்தெரோத் நிரந்தரம், பக்கத்து நாற்காலியில் மட்டும் வருஷத்துக்கு ஒரு பழைய வீரர்.

சாந்தோவை ஏன் சேர்த்தார்கள்? என் கணிப்பு எளிமையானது. ப்ரமோட்டர், அதாவது நிகழ்ச்சி நடத்தி டிக்கெட் விற்பவர், பெயரை மட்டும் போட்டால் சுவரொட்டி எடுபடாது. வெள்ளி முகமூடி போட்ட சாந்தோவின் படம் இருந்தால் கடைக்காரர், கல்லூரிப் பையன், பாட்டி எல்லோரும் நின்று பார்ப்பார்கள். லுத்தெரோத் உயிரோடு இருந்திருந்தால் அவரே இந்த யோசனையைச் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். எந்தப் பெயர் கூட்டத்தைக் கொண்டுவரும் என்று கணக்குப் போடுவதே அவர் பிழைப்பு.

சரி, யார் இந்த லுத்தெரோத்? ஹாலிஸ்கோ மாநிலத்தில் கொலொத்லான் என்ற ஊரில் 1897 மார்ச்சில் பிறந்தவர். மெக்சிகோ புரட்சியில் ஒப்ரெகோன் படையில் அதிகாரியாக இருந்தார். சண்டை முடிந்ததும் அமெரிக்க எல்லையை ஒட்டிய ஹுவாரெஸ் நகரத்தில் அரசாங்க வரித்துறையில் சொத்துகளைப் பார்வையிடும் வேலை. ஆற்றைத் தாண்டினால் டெக்சாசின் எல் பாசோ. அங்கே லிபர்ட்டி ஹால் என்ற அரங்கில் 1929 வாக்கில் மல்யுத்தம் பார்த்தார். அன்று கண்ணில் பட்டவர்களில் கஸ் பாப்பாஸ் என்ற கிரேக்க வீரரும் ஒருவர். மற்றவர்கள் சண்டையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வரி அதிகாரியோ நாற்காலிகளையும் எண்ணியிருப்பார் போல. இதை மெக்சிகோ சிட்டிக்குக் கொண்டுபோனால் என்ன என்ற யோசனையோடு திரும்பினார்.

கொண்டுபோனார். நல்ல அரங்கு கிடைக்கவில்லை. குத்துச்சண்டைக்காரர்கள் தங்கள் இடத்தைத் தர மறுக்க, யாரும் சீந்தாமல் கிடந்த அரேனா மொதேலோவை வாடகைக்கு எடுத்து, பிரான்சிஸ்கோ அஹுமாதா என்ற கூட்டாளியோடு 1933 செப்டம்பர் 21 அன்று முதல் நிகழ்ச்சியை நடத்தினார். மெக்சிகோவில் மல்யுத்தம் அதற்கு முன்பும் இருந்தது, வெளிநாட்டுக் குழுக்கள் வந்து ஆடிவிட்டுப் போயிருக்கின்றன. ஆனால் வாரா வாரம், அதே இடத்தில், அதே நேரத்தில், உள்ளூர் ஆட்களைப் பழக்கி நடத்துவது என்பது அன்றுதான் தொடங்கியது. அந்தத் தேதியைத்தான் இன்று மெக்சிகோவில் லூச்சா லிப்ரே (அவர்கள் மல்யுத்தத்தின் பெயர்) தினமாகக் கொண்டாடுகிறார்கள். கவனியுங்கள், ஒரு வீரரின் பிறந்தநாளை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கம்பெனி கடை திறந்த நாளை எடுத்திருக்கிறார்கள்.

தொடக்கத்தில் ஆட்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். அவர்களில் ஒருவர் சைக்லோன் மக்கே என்ற அமெரிக்கர். 1934-ல் அவருக்கு முகத்தை மறைத்துக்கொண்டு ஆட வேண்டும் என்று ஆசை. முகமூடி தைக்க ஆள் யார்? மெக்சிகோவில் அப்படி ஒரு தொழிலே இல்லை. அவர் போனது அந்தோனியோ மார்த்தினெஸ் என்ற செருப்புத் தொழிலாளியிடம். மார்த்தினெஸின் ஊர் லெயோன், மெக்சிகோவின் செருப்புத் தலைநகர். மல்யுத்த ரசிகர் வேறு. தலைக்கு முகமூடி தைக்கச் சொன்னால் செருப்பு தைப்பவர் என்ன செய்வார்? தலையை ஒரு பெரிய பாதமாக நினைத்து அளவெடுத்து, ஆட்டுத்தோலை வெட்டித் தைத்தார். போட்டுக்கொள்ளத் தோதாகப் பின்பக்கம் பிளந்து, ஓட்டை போட்டு, கயிறு கோத்தார். முதல் முகமூடி சரியாகப் பொருந்தவில்லை, வேர்த்து ஒழுகியிருக்கிறது. ஆனால் அடிப்படை அமைப்பு நின்றுவிட்டது. இன்றைக்கும் ஒரு லூச்சா முகமூடியைத் திருப்பிப் பார்த்தால், பின்மண்டையில் அசல் ஷூவுக்குக் கட்டுவது போலவே கயிறு கட்டியிருக்கும். துணி பளபளப்பாக மாறிவிட்டது, தோல் போய்விட்டது, கட்டு மட்டும் அப்படியே. மார்த்தினெஸின் குடும்பம் அதன் பிறகும் முகமூடித் தொழிலில்தான் இருந்தது.

நான்கு வருஷம் கழித்து, 1938-ல், முதல் மெக்சிகோ முகமூடி வீரர் வந்தார். பெயர் 'முகமூடி வௌவால்'. நிஜப்பெயர் ஹெசூஸ் வெலாஸ்கெஸ். பையிலிருந்து உயிருள்ள வௌவால்களைத் திறந்துவிட்டுக்கொண்டே ரிங்குக்கு வருவாராம். முன்வரிசைக்காரர்கள் பாடு திண்டாட்டம்.

இந்த வௌவால்தான் இன்னொரு பழக்கத்துக்கும் காரணம், அதுவும் தெரியாத்தனமாக. 1940-ல் ஒக்தாவியோ கவோனா என்பவரோடு மோத வேண்டும். கவோனா எடையில் மிகப் பெரியவர். வௌவால் பின்வாங்கப் பார்த்து ஒரு நிபந்தனை போட்டார்: நான் தோற்றால் முகமூடி போகும், நீ தோற்றால் உன் தலைமுடியை மொட்டை அடிக்க வேண்டும். கவோனா சம்மதித்துவிட்டார். ஜூலை 14 அன்று மோதினார்கள். வௌவால் தோற்றார், முகமூடி போயிற்று. அன்று தொடங்கியதுதான் 'லூச்சா தெ அபுவெஸ்தாஸ்', பந்தயச் சண்டை. முகமூடிக்கு முகமூடி, முடிக்கு முடி, முகமூடிக்கு முடி. வெலாஸ்கெஸ் அதற்குப் பிறகு சினிமாவுக்குத் திரைக்கதை எழுதப் போய்விட்டார். நாடகம் கட்டத் தெரிந்த ஆள்தானே.

பந்தயச் சண்டையைப் புரிந்துகொள்ளாமல் இந்த நினைவு நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள முடியாது. "எல்லாம் முன்கூட்டியே முடிவு செய்ததுதானே" என்று அடுத்து கேட்பீர்கள். ஆமாம், யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவானதுதான். ஆனால் பந்தயத்தில் தோற்றவரின் முகமூடி நிஜமாகவே போய்விடும். ரிங் நடுவில் கயிறு அவிழ்க்கப்படும். அவர் தன் நிஜப்பெயர், பிறந்த ஊர், எத்தனை வருஷமாக ஆடுகிறார் என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். அதன் பிறகு அந்த முகமூடியோடு அவர் ஆடக் கூடாது. பல வருஷமாகச் சேர்த்த ஒரு பெயர், ஒரு தொழில் மதிப்பு, அந்த ஒரே ராத்திரியில் கரைந்துபோகும். பத்துப் பதினைந்து வருஷம் வளர்த்த முகமூடிக்கு நல்ல பணம் கிடைக்கும், ஆனால் ஒரே ஒரு தடவைதான் விற்கலாம். அதனால் கம்பெனி அதை வருஷத்தின் முக்கியமான சில இரவுகளுக்காகப் பத்திரப்படுத்தி வைக்கும். செப்டம்பரில் நடக்கும் ஆண்டு விழா ஒன்று. மார்ச்சில் வரும் லுத்தெரோத் நினைவு நிகழ்ச்சி இன்னொன்று.

நிகழ்ச்சி இரவு எப்படி இருக்கும்? அரேனா மெஹிகோ இருப்பது கொலோனியா தொக்தோரெஸ் என்ற பகுதியில். தெருக்களுக்கெல்லாம் டாக்டர்கள் பெயர். மல்யுத்த அரங்குக்கு இதைவிடத் தோதான பேட்டை அமையாது. அரங்கு இருக்கும் தெருவும் டாக்டர் லாவிஸ்தாவின் பெயரில்தான். வாசலில் வரிசையாக முகமூடிக் கடைகள். குழந்தைகள் தலையில் மாட்டிப் பார்த்து, அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். சுமார் 16,500 பேர் உட்காரலாம். 1968 ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை நடந்ததும் இங்கேதான்.

முதலில் இளம் வீரர்கள், அப்புறம் பெண்கள், அப்புறம் மூன்றுக்கு மூன்று மோதும் 'திரியோஸ்' ஆட்டங்கள். ஒரு பக்கம் 'தெக்னிகோ', நல்லவர்கள், நளினமாக ஆடுபவர்கள். எதிர்ப்பக்கம் 'ரூதோ', முரடர்கள், நடுவர் திரும்பியதும் முகமூடியைப் பிடித்து இழுப்பவர்கள். மூன்றுக்கு இரண்டு சுற்று ஜெயித்தால் வெற்றி. பாதிக் கூட்டம் ரூதோக்களுக்குத்தான் கத்தும், அதுவும் கூச்சமே இல்லாமல். நிகழ்ச்சியின் நடுவில் ஓரிடத்தில் எல்லாம் நிற்கும். அந்த வருஷத்து ஜாம்பவான் ரிங்குக்கு வருவார், அவர் காலமாகியிருந்தால் குடும்பத்தார் வருவார்கள். நினைவுப் பலகை கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள், கைதட்டல். அவ்வளவுதான். நம் ஊர் பாராட்டு விழா போல மணிக்கணக்கில் பேச்சு கிடையாது. ரிங்கைக் காலி செய்துவிட்டு அடுத்த ஆட்டம். கூட்டம் வந்தது பந்தயச் சண்டைக்கு என்பது கம்பெனிக்குத் தெரியும்.

ஓர் ஆட்டம் அபாரமாக அமைந்துவிட்டால் ஒன்று நடக்கும், அதை மட்டும் தவற விடாதீர்கள். கூட்டத்திலிருந்து காசு வந்து ரிங்கில் விழும். நாணயங்கள், சுருட்டிய நோட்டுகள். தோற்றவர், ஜெயித்தவர் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பார்கள், உதவியாளர்கள் சுற்றிச் சுற்றி வந்து பொறுக்கி ஒரு துணியில் சேர்ப்பார்கள். டிக்கெட்டுக்குக் கொடுத்தது போதாது, இன்னும் வைத்துக்கொள் என்று கூட்டம் சொல்கிற விதம் அது. முதன்முதலில் பார்த்தபோது நம் தெருக்கூத்தில் ஆடுபவருக்குச் சட்டையில் நோட்டுக் குத்துவது ஞாபகம் வந்தது.

லுத்தெரோத் விட்டுப்போன இன்னொன்று கட்டடங்கள். லாட்டரியில் விழுந்த பணத்தையும் போட்டு அரேனா கொலிசெயோவைக் கட்டினார் என்பார்கள். 1943 ஏப்ரல் 2 அன்று திறந்தார்கள். உட்காருமிடம் வட்டமாகச் சரிந்து நடுவில் ரிங்கில் முடிவதால் அதற்கு 'பெரு தெருப் புனல்' என்று செல்லப்பெயர். எண்ணெய் ஊற்றும் புனல்தான். அங்கேதான் 1952 நவம்பர் 7 அன்று சாந்தோ, பிளாக் ஷேடோவின் முகமூடியைக் கழற்றினார். மெக்சிகோவில் இன்றும் தாத்தாக்கள் பேசும் சண்டை. சாந்தோவுக்கு ப்ளூ டீமன் என்ற பெரிய பகையாளி உருவானது அந்த இரவின் தொடர்ச்சியில்தான். அப்புறம் 1956-ல் பழைய மொதேலோ இருந்த அதே இடத்தில் அரேனா மெஹிகோ. அந்தப் பழைய வாடகை அரங்கின் மேல்தான் இன்று நினைவு நிகழ்ச்சியே நடக்கிறது.

ஐம்பதுகளின் நடுவில் மெக்சிகோ சிட்டி நிர்வாகம் டிவியில் மல்யுத்தம் காட்டுவதைத் தடை செய்தது. எதிர்க்கம்பெனிகளுக்கு டிவிதான் உயிர், லுத்தெரோத்துக்கு அரங்குதான் உயிர். தடை வந்ததில் யாருக்கு லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் மோதுவதற்கும் நகரத்துக்குள் தடை வந்தது. அது 1986 வரை நீங்கவில்லை. பெண் வீராங்கனைகளின் ஒரு தலைமுறையே ஊருக்கு வெளியே ஆடித் திரிந்து முடிந்துபோனது. லுத்தெரோத்தின் காலத்தைப் பொற்காலம் என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தை அவ்வளவாகத் திறப்பதில்லை.

அவருக்கு எதிரிகளும் இருந்தார்கள், அவர் வீட்டுக்குள்ளிருந்தே. அவர் ஒதுங்கி, கம்பெனி மகன் கைக்குப் போனது. 1975-ல் ரே மெந்தோசா என்ற பெரிய நட்சத்திரம், பிரான்சிஸ்கோ ஃப்ளோரெஸ் என்ற ப்ரமோட்டரோடு சேர்ந்து வெளியேறி, யு.டபிள்யு.ஏ. என்ற போட்டிக் கம்பெனியைத் தொடங்கினார். மெக்சிகோ சிட்டி எல்லைக்குச் சற்று வெளியே நவுகால்பானில் இருந்த காளைச்சண்டை அரங்கு அவர்கள் கோட்டை. இருபது வருஷம் ஈ.எம்.எல்.எல்.லுக்குத் தூக்கம் வராமல் செய்தார்கள். ரே மெந்தோசாவின் மகன்கள் ஐந்து பேரும் மல்யுத்தம்தான். எல்லோருக்கும் 'வியானோ' என்று பெயர், வரிசை எண்ணோடு. வியானோ என்றால் வேறொன்றுமில்லை, வில்லன்தான். மூன்றாமவர், வியானோ தெர்செரோ, அவர்களில் பெரிய ஆட்டக்காரர்.

யு.டபிள்யு.ஏ. 1995-ல் இழுத்து மூடப்பட்டது. பிறகு வியானோ தெர்செரோ, அப்பா எதிர்த்து நின்ற அதே கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். 2000-ஆம் ஆண்டு மார்ச் 17, வெள்ளிக்கிழமை. 'ஹுயிசியோ ஃபினால்', இறுதித் தீர்ப்பு என்று பெயரிட்ட நிகழ்ச்சி. அரேனா மெஹிகோவில் அவரும் அத்லாந்திஸும் முகமூடிக்கு முகமூடி. அத்லாந்திஸ் நீல வெள்ளை முகமூடி போட்ட தெக்னிகோ, அந்த வீட்டின் செல்லப்பிள்ளை. வியானோவுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது, ஏறக்குறைய முப்பது வருஷமாக அந்த முகமூடிக்குள் இருக்கிறார். கடைசியில் அத்லாந்திஸ் அவரைத் தூக்கித் தன் தோள்களின் மேல் குறுக்காகக் கிடத்தி, தலையையும் காலையும் இரு பக்கமும் கீழே இழுத்தார். 'அத்லாந்திதா' என்று அவர் பெயரிலேயே வழங்கும் பிடி. வியானோ தோல்வியை ஒப்புக்கொண்டார். கயிறு அவிழ்ந்தது. பெயரைச் சொன்னார்: ஆர்துரோ தியாஸ் மெந்தோசா. அமெரிக்காவின் மல்யுத்தச் செய்திமடலான ரெஸ்லிங் அப்சர்வர், உலகம் முழுக்க அந்த வருஷம் நடந்த எல்லாச் சண்டைகளிலும் இதைத்தான் சிறந்தது என்று தேர்ந்தெடுத்தது.

சரியாகப் பதினேழு வருஷம் கழித்து, 2017 மார்ச் 17. அதுவும் வெள்ளிக்கிழமை. அதே அரங்கு. அந்த வருஷத்து நினைவு நிகழ்ச்சியில் லுத்தெரோத்தின் பக்கத்தில் வைத்த பெயர் வியானோ தெர்செரோ. லுத்தெரோத் குடும்பத்தை எதிர்த்துக் கடை போட்டவரின் மகனுக்கு, லுத்தெரோத்தின் பெயரால் மரியாதை. அந்த இரவின் முக்கியச் சண்டையும் முகமூடிக்கு முகமூடிதான்: தியமாந்தே அசூல் ஜெயித்தார், பியெர்ரோத் முகமூடியை இழந்தார். தேதி ஒத்துப்போனது தற்செயலா, யாராவது காலண்டரைப் பார்த்தார்களா, எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. வியானோ அடுத்த வருஷம் ஆகஸ்டில் காலமானார். உயிரோடு இருக்கும்போதே கூப்பிட்டுக் கொடுத்தார்களே, அதற்காகவே இந்தக் கம்பெனியின் மற்றப் பல கஞ்சத்தனங்களை மன்னித்துவிடலாம்.

டிக்கெட் விற்றவருக்கு எதற்கு அஞ்சலி என்ற கேள்விக்கு என் பதில் இந்த இரண்டு மார்ச் 17-களில் இருக்கிறது. இது லுத்தெரோத் என்ற தனிமனிதரைப் புகழும் விழாவாக இருந்திருந்தால் மூன்று வருஷத்தில் படுத்திருக்கும். அவர் தொடங்கி வைத்த வியாபார முறை இன்னும் ஓடுகிறது என்று காட்டும் இரவு இது. அதே வெள்ளிக்கிழமை, அதே மனை, அவர் காலத்தில் பிறந்த முகமூடி, அவர் காலத்தில் பிறந்த பந்தயம். அந்த முறைக்குள் எதிரியின் மகனுக்கும் இடமுண்டு, ஏனென்றால் நல்ல எதிரி இருந்தால்தான் அரங்கு நிறையும்.

மெக்சிகோவில் காலமான ப்ரமோட்டருக்கு நடக்கும் நிகழ்ச்சி இது ஒன்று மட்டும் இல்லை. ட்ரிப்பிள் ஏ என்ற இன்னொரு பெரிய கம்பெனியைத் தொடங்கிய அந்தோனியோ பெஞ்ஞாவுக்கும் உண்டு. அவர் கதை வேறு மாதிரி. பெஞ்ஞா தானே ரிங்கில் ஆடியவர், 'கஹோஸ்' உட்படப் பல வேஷங்கள் கட்டியவர். பிறகு லுத்தெரோத் கம்பெனியின் அலுவலகத்தில் உட்கார்ந்து யார் யாரோடு மோதுவது என்று எழுதிக்கொண்டிருந்தார். கனத்த பழைய ஆட்களை வைத்து ஓட்டுவதா, சிறுத்த வேகமான இளைஞர்களை வைத்து ஓட்டுவதா என்பதில் தகராறு. 1992-ல் டிவி நிறுவனமான தெலெவிசாவின் ஆதரவோடு வெளியேறினார், கூடவே இளைஞர் பட்டாளமும் போயிற்று. நம் வீட்டு டிவியில் 619 என்று கத்த வைத்த ரே மிஸ்டீரியோ, இளம் வயதில் ஆடியது பெஞ்ஞாவின் கம்பெனியில்தான். லுத்தெரோத் அரங்கைக் கட்டினார் என்றால் பெஞ்ஞா பாத்திரங்களைக் கட்டினார். லா பார்க்கா என்ற எலும்புக்கூடு வேஷத்தைப் போட்டுப் புகழ்பெற்றவர் கம்பெனியை விட்டுப் போனதும், பெஞ்ஞா இன்னொருவருக்கு அதே எலும்புக்கூட்டை மாட்டிவிட்டார். பாத்திரம் என்னுடையது, உள்ளே யார் இருந்தால் என்ன என்பது அவர் வாதம். பழையவர் 'எல்.ஏ. பார்க்' என்று பெயரைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

பெஞ்ஞா 2006 அக்டோபர் 5 அன்று மாரடைப்பில் போனார், வயது 55. அடுத்த வருஷம் அக்டோபரிலிருந்து அவர் நினைவு நிகழ்ச்சி, அவர் பெயரில் ஒரு கோப்பை. பின்னால் அதற்கு 'ஈரோயெஸ் இன்மோர்த்தாலெஸ்', சாகாத வீரர்கள் என்று பெயர் மாற்றி, கம்பெனியில் காலமான மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கேயும் அதே கதை பாருங்கள், ப்ரமோட்டர் பெயர் மட்டும் சுவரொட்டியில் தனியாக நிற்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு லுத்தெரோத் நிகழ்ச்சிதான் பிடிக்கும். பெஞ்ஞாவின் நிகழ்ச்சியில் இழப்பின் சோகம் அதிகம், ஆனால் எங்கே நடக்கும், எப்படி நடக்கும் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். லுத்தெரோத் நிகழ்ச்சி கோயில் உற்சவம் மாதிரி, அதே மண்டபம், அதே மாதம். 2025-ல் ட்ரிப்பிள் ஏ-வை அமெரிக்க மல்யுத்த கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.ஈ. வாங்குவதாக அறிவிப்பு வந்தது. சி.எம்.எல்.எல். இன்னும் லுத்தெரோத் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

அண்மையில் எதைப் பார்ப்பது என்று கேட்டால், 2024 மார்ச் 29 அன்று நடந்ததைச் சொல்வேன். பிரையன் டேனியல்சன், ஜான் மாக்ஸ்லி, கிளாடியோ கஸ்தன்யோலி, மேட் சைடல் நான்கு பேரும் வந்து மிஸ்திகோ, வொலாதோர் ஹூனியோர், ஊல்திமோ கெரெரோ, ப்ளூ பாந்தர் நால்வரோடு மோதினார்கள். டபிள்யூ.டபிள்யூ.ஈ. மட்டும் பார்த்தவர்களுக்கு முதல் மூவரை டேனியல் பிரையன், டீன் ஆம்ப்ரோஸ், சிசாரோ என்றால் தெரியும். பெரிய வெள்ளியன்று, கத்தோலிக்க நாட்டில், மல்யுத்த நிகழ்ச்சி. 1933-ல் வெளிநாட்டு ஆட்களை இறக்கி உள்ளூர்க் கூட்டத்தைச் சேர்த்தவரின் நினைவு நிகழ்ச்சியில் மறுபடி வெளிநாட்டு ஆட்கள். டேனியல்சன் போன்றவர்களுக்கு அந்த ரிங்கில் ஏறுவது பணத்துக்காக மட்டும் இல்லை என்பது அவர்கள் முகத்தில் தெரியும்.

ஆனால் எதையும் பார்த்ததில்லை, ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால், நினைவு நிகழ்ச்சியை விட்டுவிடுங்கள், 2000 மார்ச் 17 சண்டையைத் தேடிப் பாருங்கள். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கடைசியில் வியானோவின் முகமூடிக் கட்டை அவிழ்க்கும்போது பின்மண்டையைக் கவனியுங்கள். செருப்புத் தொழிலாளி மார்த்தினெஸ் போட்ட அதே கட்டுதான், ஷூவின் லேஸ் போல ஓட்டை ஓட்டையாக உருவிக்கொண்டு வரும்.